மரங்களை எண்ணும் முக்கோண அணிகள்: எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது

1, 1, 3, 16, 125, 1296. சிங்கப்பூர்க் கணித ஒலிம்பியாடுக்கோ தகவலியல் ஒலிம்பியாடுக்கோ தயாராகும் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் பலருக்கு இந்த எண்கள் மனப்பாடம். முனைகள் எனும் புள்ளிகளைச் சுற்று வராமல் கோடுகளால் ஒன்றாக இணைப்பதே மரம். ந முனைகளுக்குப் பெயரிட்ட மரங்கள் ந^(ந−2). கேய்லியின் பெயரில் வழங்கும் இந்தச் சூத்திரத்தை அவர் எழுதியது 1889இல். போர்ஷார்ட் 1860லேயே நிறுவிவிட்டார். சூத்திரத்தில் யாரும் தடுமாறுவதில்லை. கேள்வி எதை எண்ணச் சொல்கிறது என்பதில்தான் முதல் சறுக்கல்.

பிடோக், பீஷான், ஜூரோங், உட்லண்ட்ஸ் என்று நான்கு முனைகளை எடுத்துக்கொள்வோம். சுற்று ஏதும் வராமல் மூன்று கோடுகளால் அவற்றை இணைக்க 16 வழிகள்: நேர்ச் சங்கிலியாக 12, ஓர் ஊரை நடுவில் வைத்து 4. ஊர்ப்பெயர்களை அழித்துவிட்டால் மிஞ்சுவது 2 வடிவங்கள் மட்டுமே. ஓர் ஊரை வேராகக் குறித்தால் 16 × 4 = 64. ஒன்றோ பலவோ வேர்கொண்ட மரங்கள் சேர்ந்த காடு என்றால் 125. வேர் குறிக்காத காடு என்றால் 38. நான்கு முனைகளுக்கே ஐந்து விடைகள். ‘பெயரிட்ட’, ‘வேர்கொண்ட’, ‘காடு’ ஆகிய மூன்று சொற்களில் எவை கேள்வியில் இருக்கின்றன என்று பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

அந்த 38ஐக் கையால் எண்ணும்போதும் ஒரு பள்ளம் உண்டு. இரண்டு மரங்கள் கொண்ட காடுகளில் 3+1 என்ற பிரிவு 12 தரும். 2+2 என்ற பிரிவுக்குப் பலர் நான்கில் இரண்டைத் தேர்ந்து 6 என்று எழுதுகிறார்கள், சரியானது 3. மரங்களுக்குள் முதலாவது, இரண்டாவது என்ற வரிசை கிடையாது. பிறப்பிக்கும் சார்பில் (எண்ணிக்கைகளைக் கெழுக்களில் தாங்கும் அடுக்குத் தொடரில்) வேலை செய்தால் இதே தவறு, க மரங்கள் கொண்ட காட்டுக்கு மரச் சார்பின் க-ஆம் அடுக்கைக் க-இன் காரணீயப் பெருக்கத்தால் வகுக்க மறப்பதாக வரும்.

அடுத்தது தொடக்க எண். நீல் ஸ்லோன் 1964இல் தொடங்கிய முழுஎண் தொடர்முறைகளின் களஞ்சியத்தில் ஏ000272 என்ற பதிவு 1, 1, 1, 3, 16 என்று, ந = 0 இலிருந்து தொடங்குகிறது. நான்காவதாக நிற்கும் எண் 3; ந = 4க்கு உரியதோ 16. வேர்கொண்ட காடுகளின் சூத்திரம் (ந+1)^(ந−1) என்பதால் அதுவும் இதே எண்களைத்தான் தரும், ஓரிடம் நகர்ந்து. புதிதாக ஒரு முனையைச் சேர்த்து எல்லா வேர்களையும் அதோடு கட்டினால் காடு ஒரு பெரிய மரமாகிவிடும். நகர்வுக்குக் காரணம் அதுதான்.

இனி முக்கோணம். ந முனைகள், க மரங்கள் கொண்ட வேருள்ள காடுகளை நிரை நிரையாக எழுதினால்:

1
2, 1
9, 6, 1
64, 48, 12, 1

உறுப்பு: (ந−1)இல் (க−1)ஐத் தேரும் வழிகள் × ந^(ந−க). இங்கே ந-இல் க என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. மூன்றாம் நிரையின் 6 அப்போது 9 ஆகும். நிரைக் கூட்டுத்தொகை (ந+1)^(ந−1) வருகிறதா என்று பார்த்தால் உடனே அகப்படும்: 64 + 48 + 12 + 1 = 125.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு முக்கோணம், ந-இல் க-ஐத் தேரும் வழிகள் × க^(ந−க):

1
2, 1
3, 6, 1
4, 24, 12, 1

வேர் அல்லாத ஒவ்வொரு முனையும் நேரடியாக ஒரு வேரோடு ஒட்டியிருக்கும் காடுகளை இது எண்ணுகிறது. இரண்டிலும் நிரைகள் ‘6, 1’, ‘12, 1’ என்றே முடிகின்றன. ஒரே ஒரு கோடு உள்ள காட்டுக்கு ஆழம் ஒன்றைத் தாண்ட இடமில்லை, அதனால் இந்த ஒற்றுமை. வேறுபாட்டை முதல் நிரலில்தான் தேட வேண்டும்.

அழகான செய்தி என்னவென்றால், இந்த இரண்டும் குறி நீங்கலாக ஒன்றுக்கொன்று நேர்மாறு அணிகள். இரண்டாவதன் நேர்மாறு: 1 / −2, 1 / 9, −6, 1 / −64, 48, −12, 1. குறி (−1)^(ந−க) என்று மூலைவிட்டத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்தது. நிரை முழுவதற்கும் ஒரே குறி போட்டால் பெருக்கல் அலகு அணியாகாது. இரண்டாம் முக்கோணத்தின் நான்காம் நிரையை நேர்மாறின் முதல் நிரலோடு பெருக்கிச் சரிபார்க்கலாம்: 4 − 48 + 108 − 64 = 0. அணியை நான்கு நிரைகளோடு வெட்டிவிட்டால் நேர்மாறு மாறிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். கீழ் முக்கோண அணியின் மேல் இடது மூலைக்கு அதற்குக் கீழே உள்ள நிரைகள் எதுவும் தேவையில்லை.

இரண்டாம் முக்கோணத்தைப் பூச்சியத்திலிருந்து தொடங்கினால் 0^0 வரும். அதை 1 என்று கொள்ள வேண்டும். பைத்தானில் 1 கிடைக்கும். எக்செல் பிழை காட்டும்.

நேர்மாறு காண மிதவைப் புள்ளிக் கணினி நிரல்களை (எண்களைத் தோராயமாக வைப்பவற்றை) நம்புவது வேறொரு வினை. மூலைவிட்டம் முழுக்க 1 என்பதால் நேர்மாறு முழுஎண்களாலேயே ஆனது. பைத்தானின் சாதாரண முழுஎண்களில் மேலிருந்து கீழாகப் பிரதியிட்டுப் போனால் போதும். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் காட்டாது, ஆகவே 15^13 = 1946195068359375 என்பதன் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும். இரட்டைத் துல்லிய எண் (வழக்கமான 64 பிட் மிதவைப் புள்ளி எண்) 2^53 வரைதான் எல்லா முழுஎண்களையும் பிசகாமல் தாங்கும். 16^14 அதைத் தாண்டினாலும் 2^56 என்பதால் தப்பிவிடும். சோதனையில் 16 வரை சரியாக வந்த கணினி நிரல் 17இல் பிசகுவது இதனால்தான். 64 பிட் குறியுள்ள முழுஎண்ணில் 17^15 அடங்கும், 18^16 அடங்காது.

அணிக்கோவை வழியாக எண்ணுவோர் லாப்லேசிய அணியை (மூலைவிட்டத்தில் அந்தந்த முனையில் சேரும் கோடுகளின் எண்ணிக்கை, இணைந்த இரு முனைகளுக்கு −1) அப்படியே எடுத்துக்கொண்டு 0 என்ற விடையோடு திகைப்பதுண்டு. ஒரு நிரையையும் அதற்குரிய நிரலையும் நீக்க வேண்டும். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இணைந்த நான்கு முனைகள் என்றால் மூலைவிட்டத்தில் 3, மற்ற இடங்களில் −1 கொண்ட 3 × 3 அணி மிஞ்சும். அதன் அணிக்கோவை 16.

மூன்று உறுப்புகளைப் பார்த்துத் தொடர்முறையை அடையாளம் சொல்லவும் கூடாது. 1, 2, 7 என்று வந்தால் அடுத்தது 38 ஆகலாம்: வேர் குறிக்காத காடுகள். 37 ஆகலாம்: பெசல் பல்லுறுப்புக்கோவைகளின் கெழுக் கூட்டுத்தொகை. 42 ஆகலாம்: மாற்றுக்குறி அணிகள். ஆறு உறுப்புகளாவது தனியாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்ட பிறகே களஞ்சியத்தில் தேடுங்கள்.