மதீரா தீவின் போலோ தோ காக்கோ: தோசைக்கல்லில் சுடும் சர்க்கரைவள்ளி ரொட்டி

போர்த்துகீசிய மொழியில் போலோ என்றால் கேக். ஆனால் இது கேக் இல்லை, உப்பு போட்ட ரொட்டி. காக்கோ என்பது அதைச் சுடும் தட்டைக் கல். மதீரா, அட்லாண்டிக் கடலில் எரிமலை எழுப்பிய போர்த்துகீசியத் தீவு. அங்கே பசால்ட் என்ற கறுப்பு எரிமலைக் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் கல்லைத் தணலில் காயவைத்து, அடுப்பறை ஓவன் இல்லாமலேயே ரொட்டி சுட்டார்கள். நம் வீட்டில் கனமான இரும்புத் தோசைக்கல் போதும்.

தேவையானவை: மைதா 500 கிராம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு 250 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒன்றரை டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 150 மில்லி. ஆறு ரொட்டி வரும்.

முதலில் கிழங்கு. தோலோடு முழுசாக வேகவையுங்கள். நான் முதல் தடவை தோலைச் சீவித் துண்டு போட்டு வேகவைத்தேன். கிழங்கு தண்ணீரைக் குடித்துவிட்டது, மாவு கையை விட்டு வரவே இல்லை. வெந்ததும் தோலை உரித்து, சூடாக இருக்கும்போதே கட்டியில்லாமல் மசித்து, நன்றாக ஆறவிடுங்கள். கொதிக்கும் மசியலில் ஈஸ்ட் செத்துவிடும்.

தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள், நுரைத்து வர வேண்டும். மைதா, உப்பு, மசித்த கிழங்கு மூன்றையும் கலந்து, ஈஸ்ட் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். கிழங்குக்குக் கிழங்கு ஈரம் மாறும். அதனால் அளவைவிடக் கையை நம்புங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, லேசாக ஒட்டுகிற பதம் வேண்டும். பத்து நிமிடம் பிசைந்து, மூடி வைத்து, இரு மடங்காகும் வரை விடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரமே போதும்.

அப்புறம் ஆறு உருண்டைகளாக்கி, மைதா தூவிய பலகையில் கையாலேயே தட்டுங்கள். விரல் கனம் இருக்கட்டும். சப்பாத்திபோல் மெல்லியதாக்கினால் உள்ளே பஞ்சு கிடைக்காது. துணி மூடி இருபது நிமிடம் விடுங்கள்.

இனி கல். எண்ணெய் வேண்டவே வேண்டாம். காய்ந்த கல்லில் ஒரு சிட்டிகை மைதாவைத் தூவிப் பாருங்கள். உடனே கருகினால் சூடு அதிகம். மெல்ல மெல்லப் பழுப்பானால் சரி. ரொட்டியைப் போட்டு, சிறு தீயில் பக்கத்துக்கு ஆறு, ஏழு நிமிடம். தீயைக் கூட்டினால் மேலே கறுத்து உள்ளே பச்சை மாவு நிற்கும். இருபுறமும் புள்ளி புள்ளியாகச் சிவந்த பிறகு, ரொட்டியைச் சக்கரம்போல் நிமிர்த்திப் பிடித்து ஓரத்தையும் கல்லில் உருட்டிச் சுடுங்கள். ஓரம் வேகாத போலோ தோ காக்கோ பாதி ரொட்டிதான். விரலால் தட்டினால் வெறும் பெட்டிபோல் சத்தம் கேட்டால் இறக்கிவிடலாம்.

சூட்டோடு குறுக்கே பிளந்து, நசுக்கிய நாலு பூண்டுப் பல்லும் பொடியாக நறுக்கிய பார்ஸ்லி (கொத்தமல்லி போன்ற தழை) இலையும் குழைத்த 100 கிராம் வெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். மதீராவின் திருவிழாக்களில், பிரிஞ்சி இலைபோல் வாசம் தரும் லாரல் மரக் குச்சியில் கோத்துத் தணலில் வாட்டிய மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில் இதுதான் இருக்கும். அந்த இறைச்சிக்கு எஸ்பெத்தாதா என்று பெயர். சைவம் சாப்பிடுபவர்களுக்கு பூண்டு வெண்ணெயே போதும். மிச்சமிருந்தால் மறுநாள் பிளந்து, அதே கல்லில் வெட்டிய பக்கம் கீழாக வாட்டுங்கள்.