பெக்கோவின் பல் இறங்குவதற்கு முன்: வன்னி மண்ணில் வக்கியூமால் தோண்டிப் பார்ப்பது எப்படி?

மண் வெட்டும் இயந்திரமான பெக்கோவின் பல் மண்ணில் இறங்கும்போது சாரதிக்குத் தெரிவது மண் மட்டும்தான். கீழே கிடக்கும் இரண்டங்குல பீவீசீ பைப் தண்ணீர் பீறிட்ட பிறகுதான் கண்ணில் படும். நான் வேலை பழகிய முதல் வருடத்தில் அப்படி ஒரு பைப்பை உடைத்தோம். ஒரு கிராமமே மூன்று நாள் பவுசர் தண்ணீருக்காக வாளியோடு நின்றது. தண்ணீர் பைப் என்பதால் ஏச்சோடு போனது. 33 ஆயிரம் வோல்ற் கேபிளாக இருந்திருந்தால் ஏச்சு வாங்கவும் ஆள் மிஞ்சியிருக்காது.

மலக்குழி நிரம்பினால் பிரதேச சபையின் கலி பவுசர் வந்து உறிஞ்சுமே, அந்த வேலையை மண்ணுக்குச் செய்வதுதான் வக்கியூம் அகழ்வு. காற்றையோ தண்ணீரையோ ஒரு குழலால் வேகமாக அடித்து மண்ணை இளக்குவோம். இளகிய மண்ணை இன்னொரு தடித்த ஹோஸ் உறிஞ்சி லொறியின் தாங்கிக்குள் போடும். இரும்புப் பல் மண்ணைத் தொடுவதில்லை. அதற்காகக் கலி பவுசரையே கொண்டுவந்து பார்க்கலாமே என்று கேட்காதீர்கள். கல்லும் மண்ணும் போகிற அளவுக்கு அதன் ஹோஸும் பம்பும் செய்யப்படவில்லை.

முழுக் கானையும் இதனால் வெட்டத் தேவையில்லை. பைப் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று கண்ணால் பார்க்க ஓரடிச் சதுரத்தில் சில குழிகள் போதும். பார்த்த பிறகு, பைப்பை விட்டு விலகிய இடத்தில் பெக்கோ தன் வேலையைச் செய்யட்டும்.

முதலில் வெடிபொருள்

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னி போர் நடந்த மண். மற்ற ஊர்களில் எழுதப்படும் விளக்கங்களில் இந்தப் பகுதி இருக்காது. நீங்கள் தோண்டப்போகும் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். விடுவித்தது என்றால் எவ்வளவு ஆழத்துக்குத் தேடினார்கள் என்றும் கேளுங்கள். மிதிவெடி மேல்மண்ணில் கிடப்பது. மூன்றடிக்குக் கீழே புதைந்த செல் (வெடிக்காத எறிகணை) அந்தத் தேடலில் அகப்படாமல் போகலாம். செல்லுக்குப் பெக்கோ எது, வக்கியூம் எது என்று தெரியாது. ஆகவே இந்தக் கருவி கண்ணிவெடிக்குப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

குழிக்குள் துருப்பிடித்த உருளையோ சந்தேகமான பிளாஸ்ரிக் துண்டோ தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்துங்கள். கை வைக்காமல் வந்த வழியே விலகி, 119 இல் பொலிசுக்குச் சொல்லுங்கள். அன்றைய வேலை அவ்வளவுதான்.

காகிதமும் ஆட்களும்

நீர் வழங்கல் சபை, மின்சாரம் வழங்கும் நிறுவனம், தொலைபேசி நிறுவனங்கள், வீதி அபிவிருத்தி அதிகார சபை, பிரதேச சபை: ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதி வரைபடம் கேளுங்கள். வாய்க்கால் பக்கம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் விடாதீர்கள். வருகிற படத்தை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் அலுவலகங்களும் பதிவுகளும் எத்தனை தரம் இடம்பெயர்ந்தன என்பது உங்களுக்கே தெரியும்.

அதன்பிறகு, போர்க்காலப் பதுங்குகுழிகளைப் பற்றி விசாரிக்க ஊராட்களிடம் போங்கள். “ஐயா, இந்தப் பக்கம் பங்கர் வெட்டியிருந்தீங்களோ?” என்று கேட்டால், “வேலிக்கரையில ரெண்டு இருந்தது தம்பி, திரும்பி வந்தாப் பிறகு மூடினனாங்கள்” என்று ஒருவர் கையைக் காட்டுவார். அந்த ஒரு வரி எந்தப் படத்திலும் இருக்காது. மூடிய பங்கர் மண் பொலபொலவென்று இருக்கும். உள்ளே பனங்குற்றியும் தகரமும் கிடக்கலாம். லொறியின் சில்லை அதன்மேல் ஏற்றினால் புதையும்.

கண்ணையும் பயன்படுத்துங்கள். வால்வுப் பெட்டி, தண்ணீர் மீற்றர், தாரில் ஒட்டுப்போட்ட கோடு, மின்கம்பத்திலிருந்து குழாய் வழியாக நிலத்துக்குள் இறங்கும் கேபிள், எல்லாமே அடையாளங்கள்தான்.

கேபிள் தேடும் கருவியால் நிலத்தை இரு திசையிலும் நடந்து பாருங்கள். ஆனால் பீவீசீ பைப்பை அது காட்டாது, கூடவே உலோகக் கம்பி போட்டிருந்தால்தான் உண்டு. மின் அலையைத் தேடும் முறையில், மின்சாரம் ஓடாமல் சும்மா கிடக்கும் கேபிளும் சத்தம் தராது. ஆழம் இவ்வளவு என்று திரையில் வரும் எண்ணை நம்பி வெட்டவேண்டாம். அகப்பட்டதைப் பெயின்றால் குறியுங்கள்.

காற்றா, தண்ணீரா?

இதை மண்தான் முடிவு செய்யும். கிளிநொச்சிப் பக்கத்துச் செம்மண் காற்றுக்கு நன்றாக உதிரும். உறிஞ்சிய மண்ணும் காய்ந்தே இருப்பதால் அதையே திரும்பப் போட்டு மூடலாம். சுமார் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தத்தில் காற்று போதும். மன்னார்ப் பக்கத்து முருங்கன் கரிசல் களியில், அதுவும் கோடையில் பாறைபோல் வெடித்துக் கிடக்கும்போது, காற்று தோற்றுவிடும். அங்கே தண்ணீர் வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர மணலைச் சும்மா உறிஞ்சினாலே வரும், ஆனால் குழியின் சுவர் நிற்காது.

தண்ணீர் வேகமானது, ஆபத்தும் அதில்தான் கூட. அழுத்தம் கூடினால் கேபிளின் உறையையும் பீவீசீயையும் அறுக்கும். 2500 பிஎஸ்ஐக்கு மேல் நான் எப்போதும் போகமாட்டேன், பைப்பை நெருங்கினால் இன்னும் குறைப்பேன். பைப்பின் சொந்தக்காரர் அதற்கும் குறைவாகச் சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு. சேறாக வருவதை எங்கே கொட்டுவது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். மாரியில், ஐப்பசி மார்கழியில், குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். எனக்கு விருப்பமான காலம் பங்குனிக்குப் பிறகுதான்.

தோண்டுவது

லொறியை நிறுத்தும்போது அண்ணாந்து பாருங்கள். இங்கே மின்சாரம் பெரும்பாலும் கம்பத்தில்தான் போகிறது. நிலத்துக்குள் கேபிள் தேடப் போய், ஹோஸ் தூக்கும் கையை மேலே போகும் கம்பியில் முட்டவைத்துவிடக் கூடாது. லொறிக்கும் ஹோஸுக்கும் நில இணைப்புக் கொடுங்கள், காய்ந்த மண் ஹோஸுக்குள் உரசி ஓடும்போது நிலைமின் சேரும். குழல் பிடிப்பவருக்கு மின்காப்புக் கையுறை, சப்பாத்து, முகக்கவசம், காதடைப்பு. எந்தக் கேபிளும் மின்சாரம் உள்ளதுதான் என்றே நடந்துகொள்ளுங்கள்.

தார் அல்லது கொங்கிறீற்று இருந்தால் அதன் தடிப்பளவு மட்டும் வெட்டி எடுங்கள். பிறகு குழலைச் செங்குத்தாகப் பிடித்து, வட்டமாக அசைத்துக்கொண்டே, ஒரு தரத்தில் அரையடி இறங்குங்கள். ஒரே இடத்தில் நிறுத்திப் பிடிக்கக் கூடாது. குழலின் முனையான நொசிலை மண்ணுக்குள் குத்தவும் கூடாது, பழக்கமில்லாத கை முதல் நாள் செய்வது இதைத்தான். தண்ணீர் என்றால் பைப்புக்கும் நொசிலுக்கும் இடையில் குறைந்தது 20 சென்ரிமீற்றர் இருக்கட்டும்.

உறிஞ்சும் ஹோஸின் வாய்க்கு எதிரே கையையோ காலையோ கொண்டுபோகாதீர்கள். கை ஒட்டிக்கொண்டால் இழுத்து எடுக்க முடியாது. உறிஞ்சலை உடனே நிறுத்தும் ஆளி எங்கே என்று, வேலை தொடங்குமுன் எல்லாரும் ஒரு தரம் தொட்டுப் பார்க்கவேண்டும். குழிக்குள் ஆள் இறங்குவதே இல்லை.

மண்ணின் நிறம் மாறினாலோ எச்சரிக்கை நாடா தெரிந்தாலோ மெதுவாகுங்கள். பைப்பின் மேல் முதுகு தெரிந்ததும் நின்றுவிடாமல் இரு பக்கத்தையும் கொஞ்சம் திறவுங்கள், பக்கத்தில் இன்னொன்று ஒட்டிக் கிடப்பது வழக்கம். பிறகு ஆழத்தை அளந்து, அளவுகோல் தெரியப் படம் எடுங்கள்.

எலும்பு தெரிந்தால்

2013 டிசம்பரில் மன்னார் திருக்கேதீஸ்வரத்திலும், 2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயிலும் மனித எலும்புகள் வெளிவந்தது தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில்தான். எலும்போ துணியோ தெரிந்தால் நிறுத்திவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள், மற்றது நீதவான் நீதிமன்றத்தின் பாடு. வக்கியூமில் வேலை செய்பவர் கூடுதலாக ஒன்று கவனிக்கவேண்டும். அந்தக் குழியின் மண் ஏற்கனவே உங்கள் லொறியின் தாங்கிக்குள் இருக்கிறது. அதை வழியில் எங்கேயும் கொட்டிவிடாதீர்கள். லொறி அங்கேயே நிற்கட்டும்.

மூடுவது

பைப்பைச் சுற்றிக் கல்லில்லாத மணல் போட்டு, அதன்மேல் மண்ணை அரையடி அரையடியாக இறுக்குங்கள். எச்சரிக்கை நாடா இல்லாத இடத்தில் புதிதாக ஒன்று போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. தாரின் கீழே கிரவல்.

கடைசியாக ஒரு படம் கீறி, பைப்பின் ஆழத்தையும் தூரத்தையும் எழுதி, அந்தந்த அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். தூரத்தை மதகிலிருந்தோ கிலோமீற்றர் கல்லிலிருந்தோ அளவுங்கள். வேலியிலிருந்தும் வேப்பமரத்திலிருந்தும் அளந்த படங்கள் என்னிடம் நிறையக் கிடக்கின்றன. வேலியும் இல்லை, மரமும் இல்லை.