சனிக்கிழமை ராத்திரி எழுத்து ஊழியம்: புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஊழியக்காரி என்று என்னை யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஏழு வருடமாக வாரம் ஒரு கிறிஸ்தவக் கட்டுரை என்று இணையத்தில் எழுதி வருகிறேன். "எழுதணும்னு ஆண்டவர் மனசுல சொல்லிட்டே இருக்கறாருங்க, எங்கீங்க ஆரம்பிக்கிறது?" என்று சபையில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதை விட ஒட்டுக்கா எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு போன், ஒரு வேதாகமம், ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தால் போதும்.

படி 1: யாருக்கு எழுதுகிறீர்கள்?

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு ஆளைப் பற்றி எழுதுங்கள். "எல்லா ஜனங்களுக்கும்" என்று எழுதக் கூடாது.

என் ஆள், எங்கள் டேபிளில் பக்கத்தில் நிற்கும் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா. ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடும். அக்காவால் ஆராதனைக்கு வர முடியாது. திங்கட்கிழமை டீ டைமில், "நேத்து ஆயர் என்ன பேசுனாரு?" என்று கேட்பார். முதலில் வாயால் சொன்னேன். மிஷின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. அப்புறம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். என் முதல் கட்டுரை அதுதான். கட்டுரை என்று அப்போது எனக்கே தெரியாது.

வேதாகமத்தில் லூக்காவும் அப்படித்தான் செய்திருக்கிறார். சுவிசேஷம் ஒன்று, அப்போஸ்தலருடைய நடபடிகள் ஒன்று, இரண்டுமே தெயோப்பிலு என்ற ஒருவர் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கின்றன.

ஆள் யாரென்று தெரிந்தால் அளவும் தெரிந்துவிடும். அக்கா ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்கு வெளியே வந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுப் பத்தரைக்குப் போனை எடுப்பார். அதனால் நான் நானூறு வார்த்தையைத் தாண்டுவதில்லை. இடையில் ஒரு வருடம் தாண்டினேன். பிளாக் ஒன்றைத் திறந்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண்ணைத் தினமும் பார்க்க ஆரம்பித்த வருடம் அது. தலைப்பில் 'கடைசி காலம்' என்று வைத்தால் எண் எகிறும். வைத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அக்கா, "இதெல்லாம் எனக்கா எழுதுன, புள்ள?" என்றார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. அன்றைக்கே அந்த எண்ணைப் பார்ப்பதை விட்டேன் என்று சொன்னால் பொய். விட ஆறு மாதம் ஆனது.

படி 2: பிரசங்கத் தமிழைக் கழற்றி வையுங்கள்

என் பழைய எழுத்திலிருந்து ஒரு வரி: "பிரியமானவர்களே, நம்முடைய தேவன் தம்முடைய மகா பெரிதான கிருபையினாலே நம்மை இம்மட்டும் நடத்திவந்திருக்கிறார்." தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும், எந்த ஊரில் இருந்தும் எழுதலாம். அதையே பின்னால் இப்படி மாற்றினேன்: "போன மாசம் வாடகைக்கு இரண்டாயிரம் குறைந்தது. எதிர்வீட்டு அம்மா, நான் கேட்காமலே, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தார்."

செக்கிங்கில் ஒரு டீ-ஷர்ட் கைக்கு வந்தால் கழுத்து, தோள், கை, கீழ் மடிப்பு என்று வரிசையாகப் பார்ப்போம். அப்புறம் உள்பக்கத்தைத் திருப்புவோம். வெளியே பளிச்சென்று இருக்கும் பீஸில்தான் உள்ளே ஓவர்லாக் (ஓரத் தையல்) விட்டுப்போயிருக்கும், பிசிறு தொங்கும். கட்டுரையை உள்பக்கம் திருப்புவது என்றால் வாய்விட்டுப் படிப்பது. மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். நீங்கள் வீட்டில் பேசாத வார்த்தை எங்கே வருகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது.

இன்னொன்று. எனக்குக் கருமத்தம்பட்டியில் ஒரு கத்தோலிக்கத் தோழி உண்டு. நான் சங்கீதம் என்றால் அவள் திருப்பாடல் என்பாள். எனக்குக் கர்த்தர், அவளுக்கு ஆண்டவர். எனக்கு ஆராதனை, அவளுக்குத் திருப்பலி. வேதாகமத்திலும் அவள் கையில் இருப்பது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, என் கையில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. இரண்டு பேரும் படிப்பார்கள் என்றால் முதல் முறை இரண்டு வார்த்தையையும் சொல்லிவிட்டு, அப்புறம் உங்கள் வழக்கப்படி போங்கள். வசனத்தை எடுத்துப் போடும்போது எந்த மொழிபெயர்ப்பு என்று குறிப்பிடுங்கள்.

படி 3: விசாரித்து எழுதுங்கள்

எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்து எழுதுவதாக லூக்கா முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறார். நமக்கோ ஃபார்வர்டில் ஒரு அற்புதக் கதை வந்தால் கை பரபரக்கும். யார், எந்த ஊர், எப்போது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லையென்றால் அது கட்டுரைக்கு ஆகாது.

ஒன்றும் தோன்றாத வாரத்துக்கு நம் ஊரே இருக்கிறது. ஈரோட்டுக்காரர்கள் தினமும் 'பிரப் ரோடு' என்கிறார்கள். அந்தப் பேர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி ஒருவருடையது. லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆடிஸ் 1830இல் கோயம்புத்தூரில் ஊழியத்தை ஆரம்பித்தார். அதற்குப் பின்னால் கோவையின் கத்தோலிக்க பிஷப்பாக இருந்த பிரெஞ்சுக்காரர் மரியன் பிரெசில்லாக், இந்தியாவில் கழித்த பன்னிரண்டு வருடங்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். 1855இல் அவர் பதவியை விட்டுப் போனதற்குச் சாதி சம்பிரதாயங்கள் விஷயத்தில் மனசாட்சி உறுத்தியது ஒரு முக்கியக் காரணம். பிஷப்பே தான் தடுமாறியதை எழுதியிருக்கிறார். நாம் மட்டும் ஏன் ஜெயித்த கதையாகவே எழுதுகிறோம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

படி 4: அடுத்தவர் சாட்சியைத் தொடும் முன்

இந்தப் படியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

மூன்றாம் வருடம் என்று நினைக்கிறேன். ஜெபக் கூட்டத்தில் ஒரு அம்மா தன் வீட்டுக்காரரின் குடியைப் பற்றியும், அவர் மனம் திரும்பியதைப் பற்றியும் அழுதுகொண்டே சாட்சியாகச் சொன்னார். எனக்கு மனசு நிறைந்துபோய், அன்றைக்கு ராத்திரியே எழுதிப் போட்டேன். பேரைப் போடவில்லை. பேரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஆனால் 'பல்லடம் பக்கம்' என்று எழுதினேன். 'எட்டுத் தறி' என்று எழுதினேன். 'இரட்டைப் பெண் பிள்ளைகள்' என்றும் எழுதினேன். இது மூன்றும் போதாதா? மறுநாள் பொழுதோட அந்த வீட்டுக்காரரிடம் டீக்கடையிலேயே ஒருவர் கேட்டுவிட்டார்.

கட்டுரையை அழித்தேன். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் குரூப் குரூப்பாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார் அந்த அம்மா. "போச்சாது உடு கண்ணு" என்றார். ஆனால் அதற்கப்புறம் அவர் ஜெபக் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. கூட்டத்தில் சொன்னது சபையை நம்பிச் சொன்னது. அதை ஊருக்குச் சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

இப்போது நான் செய்வது: எழுதி முடித்து, சம்பந்தப்பட்டவர் எதிரே உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டுவேன். போனில் அனுப்பிச் 'சரியா?' என்று கேட்பதில்லை, சங்கடத்துக்காகச் 'சரி' என்று போட்டுவிடுவார்கள். வாசிக்கும்போது முகம் மாறும் இடத்தைத் தூக்கிவிடுவேன். வீட்டில் மற்றவர்களையும் கேட்டுவிட்டுச் சொல்லச் சொல்லி ஒரு வாரம் விடுவேன். குழந்தைகள், நோய், கடன், கல்யாணத் தகராறு இதெல்லாம் அனுமதி கிடைத்தாலும் எழுதுவதில்லை. அனுமதி கிடைக்காவிட்டால் என் சொந்தக் கதையை எழுதுவேன். அதற்கும் என் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறது, அது வேறு கதை.

படி 5: போடும் முன் இரண்டு பேர்

வேதம் தெரிந்த ஒருவர், தமிழ் தெரிந்த ஒருவர். எனக்கு முதலாமவர் எங்கள் ஆயர், இரண்டாமவர் ஓய்வு பெற்ற ஒரு தமிழ் ஆசிரியை. அவர் இந்து. "ஏம்மிணி, 'இரட்சிப்பு'ன்னா என்னன்னு எனக்குப் புரியற மாதிரி ஒரு வரி போடு" என்று அவர் கேட்ட நாளில்தான், அதை ஒரு வரியில் சொல்ல எனக்கே தெரியவில்லை என்பது தெரிந்தது.

படி 6: தட்டச்சும் பதிவும்

போனில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேசினால் தானாகத் தட்டச்சாகும் வசதியும் உண்டு. ஆனால் படித்துப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். எனக்கு ஒருமுறை 'ஆவியின் கனி' என்பது 'ஆவின் கனி' என்று வந்து, அப்படியே போய்விட்டது. ஒரு மாதம் கம்பெனியில் என்னைப் பார்த்தாலே பால் பாக்கெட் விலை கேட்டார்கள்.

ஆரம்பத்தில் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் போதும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். செய்தி நீளமானால் பாதியில் மடங்கிவிடும், அதனால் முக்கியமானதை மேலேயே சொல்லிவிடுங்கள். முப்பது கட்டுரை சேர்ந்தபின் பிளாக் திறக்கலாம். அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் நோட்டில் ஒரு பிரதி வையுங்கள். என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து பதினொரு கட்டுரை போயிற்று. வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் சுருளை யோயாக்கீம் ராஜா கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டபோது, எரேமியா சொல்லச் சொல்ல எழுதிய பாருக் மறுபடி உட்கார்ந்து முழுவதையும் எழுதினார், புதிதாகவும் சேர்த்தார். நான் நான்கை மட்டும் திரும்ப எழுதினேன். மற்ற ஏழும் திரும்ப எழுதும் அளவுக்கு இல்லை.

படி 7: பணம்

கட்டுரைக்கு அடியில் ஜிபே எண் போடாதீர்கள். நான் ஒரு வாரம் போட்டேன். யாரோ ஐம்பது ரூபாய் அனுப்பினார்கள். அடுத்த கட்டுரையை எழுதும்போது அந்த ஐம்பது ரூபாய்தான் எதிரே உட்கார்ந்திருந்தது. எடுத்துவிட்டேன்.

சரி, இன்றைக்குச் சனிக்கிழமை. சம்பளம் வாங்கி, மளிகை வாங்கி வந்து வைத்தாயிற்று. அக்கா கம்பெனியில் நைட் பார்க்கிறார், நாளைக்கும் வர மாட்டார். நோட்டை எடுக்க வேண்டும்.