ஜாடி மூடி முதல் வாயு உணரி வரை: காப்புரிமை விஷயத்தில் சறுக்கும் இடங்கள்

பழைய மேசன் கண்ணாடி ஜாடிகளின் வயிற்றில் ‘காப்புரிமை, 1858 நவம்பர் 30’ என்று புடைப்பெழுத்து இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ஜாடி அந்த வருடமே செய்தது என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு. அமெரிக்கரான ஜான் லாண்டிஸ் மேசனுக்குத் திருகு மூடி ஜாடிக்கான காப்புரிமை, அதாவது பேட்டன்ட், கிடைத்த நாள் அது, அவ்வளவுதான். அந்த உரிமை 1879-இல் முடிந்துவிட்டது. எழுத்து மட்டும் வார்ப்பு அச்சுகளில் தங்கிப்போய், பிறகும் பல ஆண்டுகள் ஜாடிகளில் ஏறிக்கொண்டே இருந்தது.

பொருளின் மேல் காப்புரிமை எண் இருந்தால் உரிமை உயிரோடு இருக்கிறது என்று நினைப்பது இதே தவறுதான். இன்று பெரும்பாலான நாடுகளில் ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். புதுப்பிப்புக் கட்டணம் கட்டத் தவறினால் முன்பே செத்துவிடும். எந்த நாட்டில் வாங்கினார்களோ அங்கே மட்டும்தான் செல்லும். ‘உலகக் காப்புரிமை பெற்றது’ என்று விளம்பரத்தில் கண்டால் சிரித்துவிட்டு நகரலாம், அப்படி ஒன்று கிடையாது. சர்வதேச விண்ணப்பம் என்று ஒன்று உண்டு. ஆனால் அதன் பிறகு நாடு நாடாகப் போய்த்தான் உரிமை வாங்க வேண்டும்.

விண்ணப்பத்தையும் வழங்கப்பட்ட காப்புரிமையையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. ஆவண எண்ணின் வாலைப் பாருங்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ‘ஏ1’ என்றால் வெளியிடப்பட்ட விண்ணப்பம், ‘பி’ வரிசை என்றால்தான் வழங்கப்பட்டது.

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் வழுக்குவது வாசிக்கும் இடத்தில்தான். தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டு, ‘இந்தப் பொருளையே இவர்கள் வளைத்துப் போட்டுவிட்டார்கள்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேலி இருப்பது கடைசியில் எண் போட்டு வரும் உரிமைகோரல்களில், அதாவது கிளெய்ம்களில். ‘டப்பர்வேர்’ பிளாஸ்டிக் டப்பாக்களை உருவாக்கிய ஏர்ல் டப்பர் 1947-இல் விண்ணப்பித்து 1949-இல் பெற்ற காப்புரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டப்பாக்களின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் அவர் கண்டுபிடித்ததல்ல, அது 1933-இலேயே இங்கிலாந்தில் ஒரு ஆய்வகத்தில் கிடைத்துவிட்டது. டப்பர் பெற்றது டப்பாவின் விளிம்பும் மூடியும் ஒன்றையொன்று கவ்விக் காற்றுப் புகாமல் நிற்கும் அமைப்புக்கு. அதே பிளாஸ்டிக்கில் வேறு விதமான மூடி போட்டு விற்றிருந்தால் அந்த வேலிக்கு வெளியே நின்றிருக்கலாம்.

கலவைப் பொருள்களில் ஒரு சொல்லே ஆட்டத்தை மாற்றும். கிளெய்ம் மூன்று பொருள்களை ‘உள்ளடக்கிய’ என்று சொன்னால், நீங்கள் நாலாவது பொருள் ஒன்றைச் சேர்த்தாலும் தப்ப முடியாது. ‘மட்டுமே கொண்ட’ என்றிருந்தால் கூடுதலாக ஒரு பொருள் போட்டாலே வெளியே வந்துவிட வழியுண்டு. சதவீத எல்லைகளையும் இப்படித்தான் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

சரி, காப்புரிமை கிடைத்துவிட்டதே, அப்படியென்றால் வேலை செய்யும் என்றுதானே பொருள்? இல்லை. காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் பார்ப்பது புதியதா, அந்தத் துறையில் இருப்பவருக்கு எளிதில் தோன்றாததா, போதுமான அளவு விளக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். ஆய்வகத்தில் ஓட்டிப் பார்ப்பதில்லை. வேதி உணரிகளில் இது முக்கியம். ஜப்பானைச் சேர்ந்த நவோயோஷி தகுச்சி 1962-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வாயு உணரி, சூடாக்கிய வெள்ளீய ஆக்சைடை நம்பியது. அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும். எரிவாயு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை சட்டென்று குறையும். அழகான யோசனைதான், ஆனால் ஆல்கஹால் ஆவி வந்தாலும் இதே கதைதான் நடக்கும். காற்றின் ஈரப்பதமும் அளவைக் கலைக்கும். ஆகவே ‘மீத்தேன் உணரி’ என்று தலைப்பில் கண்டால், மீத்தேனுக்கு மட்டுமே மணியடிக்கும் என்று அர்த்தப்படுத்திக்கொள்ளக் கூடாது. அப்புறம், அமெரிக்க ஆவணங்களில் இன்னும் செய்யாத சோதனைகளைக்கூட எடுத்துக்காட்டாக எழுத அனுமதி உண்டு. அவற்றை இறந்தகாலத்தில் எழுதக்கூடாது என்பது விதி. ‘800 டிகிரியில் சூடாக்கப்பட்டது’, ‘சூடாக்கப்படுகிறது’ இரண்டுக்கும் நடுவில் இருப்பது இலக்கணம் மட்டுமல்ல. இரண்டாவதில் உலையையே யாரும் பற்றவைக்காமல் இருந்திருக்கலாம்.

கண்டுபிடிப்பவர்கள் பக்கத்துத் தவறுகளில் தலையாயது முந்திக்கொண்டு வெளியே காட்டிவிடுவது. இதற்கும் மேசனே சாட்சி. அவர் 1859 ஜூனில் மேம்பட்ட ஜாடி ஒன்றைச் செய்துமுடித்தார். இரண்டு டஜன் ஜாடிகளாவது செய்து, சிலவற்றைச் சும்மா கொடுத்தார், சிலவற்றை விற்றுப் பார்த்தார். அதற்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டதோ 1868-இல். 1876-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. வெளியே காட்டிய பிறகு விண்ணப்பிக்க அன்றைய சட்டம் கொடுத்த சலுகைக் காலம் இரண்டு ஆண்டு. இன்று அமெரிக்காவில் ஓராண்டு. ஐரோப்பாவில் அநேகமாக ஒரு நாள்கூட இல்லை. ஒரு மாநாட்டுச் சுவரொட்டி, முகநூலில் ஒரு படம், மாதிரியை வாங்கிப் பார்த்த முதல் வாடிக்கையாளர், இதில் ஏதேனும் ஒன்று போதும்.

இன்னொன்று ஆசைப்பட்டு அகலக்கால் வைப்பது. மின்விளக்கு இழைக்காக சாயர், மேன் என்ற இருவர் கரியாக்கிய காகிதத்தை வைத்து, ‘நார்ப்பொருள் அனைத்தும், நெசவுப்பொருள் அனைத்தும்’ தங்களுடையது என்று கிளெய்ம் எழுதினார்கள். எடிசன் தரப்பிலோ சுமார் 6,000 தாவர வகைகளைத் தேடிப் பார்த்து, அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே தேறுகின்றன என்று கண்டார்கள். அதில் மூங்கில் முன்னே நின்றது. எல்லா நாருக்கும் பொதுவான ஒரு குணத்தைக் காட்டியிருந்தால் கதை வேறு, இவர்கள் காட்டவில்லை. 1895-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கிளெய்மைத் தள்ளிவிட்டது. இதனால்தான் இன்று அனுபவமுள்ளவர்கள் அகலமான கிளெய்ம் ஒன்றை மேலே வைத்து, அதன் கீழே ஒடுங்கிக்கொண்டே போகும் கிளெய்ம்களை அடுக்குகிறார்கள்: பாலிமர், அதில் ஒரு குடும்பம், அதிலும் சோதித்துப் பார்த்த ஒன்று. மேலே இருப்பது உடைந்தாலும் கீழே இருப்பது நிற்கும்.