ஜப்பான் படைமுகாம் ஆண்டு விழா: முதன்முறை செல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மே மாதம் நண்பர் ஒருவரையும் அவருடைய அலுவலகத் தோழர்கள் மூவரையும் டோக்கியோவுக்கு அருகிலுள்ள ஒரு படைமுகாமின் ஆண்டு விழாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஜப்பானுக்கு வந்து ஓராண்டுகூட நிறையாதவர்கள். புதிதாக வாங்கிய கேமராக்களுடன் மிகுந்த ஆவலோடு வந்திருந்தார்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையெல்லாம், ஏறக்குறைய அதே வரிசையில், அவர்களும் செய்வதைக் காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் ரயிலிலேயே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. தொப்பி, தண்ணீர், வசதியான காலணி ஆகியவற்றைப் பற்றி யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜப்பானின் தரைத் தற்காப்புப் படை 1954 ஜூலை 1 அன்று உருவானது. துணை முகாம்களையும் சேர்த்தால் நாடெங்கும் அதற்கு ஏறத்தாழ 160 முகாம்கள் உள்ளன. முகாம் திறக்கப்பட்டதையும் அங்குள்ள படைப்பிரிவு அமைக்கப்பட்டதையும் நினைவுகூரும் ஆண்டு விழா, பெரும்பாலும் வசந்த காலத்திலோ இலையுதிர் காலத்திலோ ஒரு விடுமுறை நாளில் நடைபெறும். அன்று வாயில் பொதுமக்களுக்குத் திறக்கப்படும். நிகழ்ச்சிகளின் வரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: அணிவகுப்பு மரியாதை, உரைகள், காலாட்படையும் வாகனங்களும் மேடையைக் கடந்து செல்லும் அணிநடை, போர்ப் பயிற்சிக் காட்சி, அதன்பின் கருவிகளின் கண்காட்சியும் வாகனச் சவாரியும்.

பார்க்கப் போவது யாருடைய விழா என்று அறியாமல் செல்வது

முதன்முறை செல்பவர்கள் இதை நம் குடியரசு நாள் அணிவகுப்பைப் போன்ற, ஓர் அரசு தன் வலிமையை உலகுக்குக் காட்டும் நிகழ்ச்சி என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஜப்பானில் இதன் வரலாறு வேறு. 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு போரைத் துறந்தது. 1950இல் கொரியப் போர் மூண்டபோது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த நேச நாடுகளின் ஆக்கிரமிப்புப் படைத் தலைமையின் உத்தரவின் பேரில், 75,000 பேர் கொண்ட காவல் சேமப் படை என்ற பெயரில்தான் இந்தப் படை தொடங்கியது. 1952இல் பெயர் மாறி, 1954இல் தற்காப்புப் படையாயிற்று. தொடக்க ஆண்டுகளில் டாங்கியை டாங்கி என்று சொல்லவும் தயங்கி, 'சிறப்பு வண்டி' என்று பொருள்படும் 'தொக்குஷா' என்ற சொல்லையே வழங்கினார்கள். இன்றும் இந்தப் படையினர் தங்களைப் படைவீரன் என்று பொருள்படும் 'ஹெய்தாய்' என்ற சொல்லால் குறிப்பதில்லை. 'ஜியெய்கன்', அதாவது தற்காப்புப் பணியாளர், என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பேச்சுக் கொடுக்கும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள்.

ஆகவே இந்த விழா வேலிக்கு அப்பால் குடியிருக்கும் ஊரார் உள்ளே வரும் நாள். மேடையில் நகரத் தலைவர் அமர்ந்திருப்பார். கூடாரங்களில் முன்னாள் பணியாளர்களும் பள்ளிக் குழந்தைகளும் இருப்பார்கள். களத்தில் நடப்பவர்களின் பெற்றோர் நம் பக்கத்திலேயே நிற்பார்கள். இதை உணராமல் போனதால்தான் நான் அடுத்த தவறைச் செய்தேன்.

தலைக்கு மேல் கேமராவைத் தூக்குவது

மற்ற தவறுகள் நம் நேரத்தையும் பணத்தையும்தான் வீணாக்கும். இதனால் ஏற்படும் இழப்போ வேறொருவருடையது. அதை நம்மால் திருப்பித் தரவும் இயலாது. எத்தனை முறை சொன்னாலும் புதியவர்கள் இதைச் செய்வதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் சென்ற இரண்டாவது விழா அது. அதுவும் ஒரு மே மாதம். 74 ரக டாங்கியை அசையும் நிலையில் படமெடுக்க வேண்டும் என்பதே என் ஒரே நோக்கமாக இருந்தது. அணிநடையில் முதலில் காலாட்படையும், பிறகு சக்கர வாகனங்களும், கடைசியில் சங்கிலிப்பட்டை வண்டிகளும் வரும் என்பதால், எனக்குத் தேவையானது வருவதற்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. அதுவரை வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று, மூன்றாம் வரிசையில் நின்றபடி, இரண்டு கைகளையும் உயர்த்தி, கடந்து சென்ற காலாட்படைக் குழுக்களைப் படமெடுத்துக்கொண்டே இருந்தேன். அந்தப் படங்கள் எனக்கு வேண்டியவையே அல்ல.

ஒரு குழு மேடையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து வரும்போது முகங்கள் தெரியாது, பச்சைச் சீருடையும் தலைக்கவசங்களும்தான் தெரியும். மேடையை நெருங்கியதும் குழுத் தலைவர் 'கஷிரா... மிகி!' என்று உரக்கக் கட்டளையிடுவார். அத்தனை தலைகளும் ஒரே வெட்டில் வலப்புறம் திரும்பும். மேடையும் பார்வையாளர் பகுதியும் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் இருப்பதால், அந்த நொடியில்தான் முகங்கள் நம்மை நோக்கும். பதினைந்து நொடிகளுக்குள் மறுபடியும் தலைகள் நேராகிவிடும். பிறகு முதுகுகள் மட்டுமே தெரியும்.

அந்தப் பதினைந்து நொடிகளில் என் கைகள் தலைக்கு மேல் இருந்தன. குழு கடந்து சென்றபின் பின்னாலிருந்து என் முழங்கையை யாரோ மெல்லத் தொட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. என் தோளளவு உயரம்கூட இல்லை. ஏப்ரலில் சேர்ந்த புதியவர்கள் அன்றைய அணிநடையில் சென்றிருக்கிறார்கள், அவர்களில் மூன்றாம் வரிசையில் தம் பேரன் இருக்கிறான், இப்போது எடுத்த படத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டார். என்னைக் குறை சொல்லவே இல்லை. கேமராவின் சிறிய திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினேன். பதினான்கு படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் கொடி ஏந்தியவர் தெளிவாக இருந்தார்; அவருக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் இருந்த முகங்கள் வெறும் மங்கல் வட்டங்களாக இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் ஒரு முறை பார்த்தார். பிறகு குனிந்து நன்றி சொல்லி, கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டார். டாங்கிகள் வந்தபோது எனக்குப் படமெடுக்க மனம் வரவில்லை. அந்தப் பதினான்கு படங்களையும் அன்றிரவே அழித்துவிட்டேன், எனக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை என்பதால்.

இப்போது கைபேசிகள் வந்துவிட்டதால் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. கேமரா வைத்திருப்பவராவது சில நொடிகளில் கையை இறக்குவார்; அணிநடை முழுவதையும் காணொளியாக எடுப்பவர் இருபது நிமிடம் கையை இறக்குவதில்லை. குழந்தையைத் தோளில் ஏற்றுவதும், குடை பிடிப்பதும், பெரிய முதுகுப்பையை மாட்டியபடி நிற்பதும் இதே வகையைச் சேர்ந்தவைதாம். மழை பெய்தால் மழை அங்கி அணியுங்கள். மடக்கு ஏணி கொண்டு வரக் கூடாது என்று பல முகாம்களின் அறிவிப்புகளிலேயே எழுதியிருக்கும். முக்காலிக்கும் பல இடங்களில் தடை உண்டு. இந்தத் தடைகள் வெறும் சம்பிரதாயம் அல்ல.

நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான்: கேமரா ஒருபோதும் என் கண் மட்டத்துக்கு மேலே போகாது. முன்வரிசை கிடைத்தால் தரையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். இடம் கிடைக்காவிட்டால் மேடைப் பகுதியை அறவே விட்டுவிட்டு, அணிநடை முடிந்து வாகனங்கள் திரும்பும் வளைவுக்குச் செல்வேன். அங்கே கூட்டம் குறைவு, டாங்கி திரும்பும்போது புழுதி கிளம்புவதும் சங்கிலிப்பட்டை தரையைக் கீறுவதும் அருகிலேயே தெரியும். படமும் அங்குதான் நன்றாக வரும். நிற்கத் தொடங்கும் முன் பின்னால் திரும்பி, உங்களுக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். வசந்த கால விழாவானால் கட்டாயம் கேளுங்கள். புதியவர்களின் குடும்பத்தார் வருவது அப்போதுதான்.

கொடி வரும்போது உட்கார்ந்திருப்பது

எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுங்கள். எந்த நாட்டவராக இருந்தாலும்.

அணிநடை முடிந்ததும் இடத்தை விடுவது

கடைசி வாகனம் கடந்ததும் ஒலிபெருக்கி சற்று அமைதியாகும். விழா முடிந்தது என்று எண்ணி, புதியவர்கள் உணவுக் கடைகளை நோக்கி நடக்கத் தொடங்குவார்கள். என்னுடன் வந்த நால்வரும் அப்படித்தான் யாகிசோபா என்ற வறுத்த நூடுல்ஸ் வாங்கச் சென்றார்கள். அந்த இடைவெளியில்தான் களத்தில் எதிரியின் நிலை அமைக்கப்படும். பயிற்சிக் காட்சி அதன்பிறகு தொடங்கி அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உளவுப் பிரிவினரின் மோட்டார் சைக்கிள்கள் முதலில் பாய்ந்து வரும், ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் வீரர்கள் இறங்குவார்கள், 155 மி.மீ. எஃப்எச்-70 பீரங்கி பின்னாலிருந்து முழங்கும். எட்டுச் சக்கர 16 ரகப் போர் வண்டியோ டாங்கியோ முன்னேறும். எந்தெந்தக் கருவிகள் வரும் என்பது அந்த முகாமில் இருக்கும் பிரிவைப் பொறுத்தது.

வெற்று வெடிதான் என்றாலும் அதன் ஓசையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். டாங்கியின் பெரிய பீரங்கி வெடிக்கும்போது அது காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் இடிப்பதுபோல் இருக்கும். கைக்குழந்தையோடு வந்தவர்கள் பதறிப்போய் ஓடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். குழந்தைகளுக்குக் காது மூடி கட்டாயம் வேண்டும். மிகச் சிறிய குழந்தை என்றால் அந்த நேரத்தில் களத்திலிருந்து விலகி இருப்பதே நல்லது.

எண் சீட்டு

டாங்கிச் சவாரிக்கான சீட்டைக் காலையில் வாயில் திறந்தவுடன் கொடுத்து முடித்துவிடுவார்கள். பிற்பகலில் போய் வரிசையைத் தேடாதீர்கள்.

சொந்தக் காரில் செல்வது

பல முகாம்களில் வண்டி நிறுத்த இடமே இராது.

ட்ரோன்

சட்டப்படி குற்றம்.

பழைய தகவலை நம்பிப் பயணச்சீட்டு எடுப்பது

பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த காணொளியைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஃபுஜி மலையடிவாரத்தில் நடக்கும் பெரும் சுடுபயிற்சிக்குச் சீட்டு எப்படி வாங்குவது என்று மாதம் ஒருவராவது என்னைக் கேட்கிறார். 2023 முதல் அதைப் பொதுமக்கள் நேரில் காண அனுமதிப்பதில்லை. நான் விரும்பிப் படமெடுத்த 74 ரக டாங்கி 2024 மார்ச்சில் பணியிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டுவிட்டது. இனி எங்காவது காட்சிப் பொருளாகத்தான் நிற்கும். ஹெலிகாப்டரைப் போல் செங்குத்தாக எழும்பும் ஆஸ்ப்ரே விமானத்தைப் பார்க்கச் சிபா மாநிலத்தின் கிசராசு முகாமுக்குச் செல்ல நினைப்பவர்களும் உண்டு. அவை 2025இல் சாகாவில் திறக்கப்பட்ட புதிய முகாமுக்கு மாறிவிட்டன.

எதைப் பார்க்க விரும்புகிறோமோ அதற்கேற்ற முகாமைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டாங்கிகளே முக்கியம் என்றால் ஹொக்கைடோவின் ஹிகாஷி-சிதோசே முகாமுக்கு இணையில்லை. டாங்கிகளை மையமாகக் கொண்ட, ஜப்பானின் ஒரே கவசப் படைப்பிரிவான 7ஆம் பிரிவின் தலைமையகம் அங்கேதான் உள்ளது. வான்குடை வீரர்கள் என்றால் சிபா மாநிலத்தின் நராஷினோ. பெரிய சினூக் ஹெலிகாப்டர்கள் என்றால் கிசராசு. சில முகாம்கள் முன்பதிவும் குலுக்கலும் நடத்துவதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை அந்த முகாமே வெளியிட்ட பின் படித்துவிட்டு, அதன் பிறகு பயணத்துக்குப் பணம் கட்டுங்கள்.

ஓரத்துக் கூடாரங்களைப் பார்க்காமல் திரும்புவது

டாங்கியைச் சுற்றி நூறு பேர் நிற்கும்போது, மைதானத்தின் ஓரத்தில் இழுவை வண்டியில் பொருத்திய ஒரு நடமாடும் சமையல் அடுப்பு கவனிப்பாரின்றி நிற்கும். ஏறத்தாழ 200 பேருக்கான உணவை ஒரே நேரத்தில் அதில் சமைக்கலாம். அதன் பக்கத்திலேயே வெளிக்களக் குளியல் கூடாரம் இருக்கும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பின் ஏறத்தாழ ஒரு லட்சம் தற்காப்புப் படையினர் களத்தில் இருந்தபோதும், 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பம் குலுங்கிய பின்பும், வீடிழந்தவர்கள் பல நாட்களுக்குப் பிறகு வெந்நீரில் உடம்பை நனைத்தது இத்தகைய கூடாரங்களில்தான். ஒரு தொகுதியைக் கொண்டு ஒரு நாளில் சுமார் 1,200 பேரைக் குளிக்க வைக்கலாம். வாயிலில் துணித் திரை தொங்கும். பிரிவுக்குப் பிரிவு அதன் பெயர் மாறும். தங்கள் ஊரின் மலையையோ ஆற்றையோ பூவையோ சொல்லி 'இன்னாரின் குளியல்' என்று எழுதியிருப்பார்கள்.

சென்ற மே மாதம் அந்தத் திரைக்கு முன் இருபது வயதுப் பணியாளர் ஒருவர் தனியாக நின்றிருந்தார். நால்வரையும் அங்கே அழைத்துச் சென்றேன். தண்ணீரைக் காய்ச்சுவது எப்படி, அழுக்கு நீரை எங்கே விடுவது, முதியவர்கள் தொட்டிக்குள் இறங்கப் படி எங்கே வைப்பது என்று இருபது நிமிடம் அவர் நின்று விளக்கினார். இரண்டு மணிக்குக் கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன்பே அந்தப் பக்கம் போய்விடுங்கள்.