கரண்ட் ஃபேனா, பெல்ட் ஃபேனா? வண்டியில கை வைக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

போன வருசம் கோடையில ஈரோட்டுல மஞ்ச மூட்டை ஏத்திக்கிட்டு சாம்ராஜ் நகர் போனனுங்க, என்ற பிக்கப்புல. திம்பம் மலையில மொத்தம் 27 வளைவு, எட்டாவது வளைவு ஏறறப்பவே ஹீட் முள்ளு செவப்புக்கிட்ட போயிருச்சு. ஓரங்கட்டி அரை மணி நேரம் நிக்க வெச்சு, சித்த தூரம் ஏறி, மறுக்கா நிறுத்தின்னு மேல போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு போயிருச்சுங்க. ஊருக்கு வந்து நாலு பேருகிட்ட கேட்டா நாலு பேரும் "பெல்ட் ஃபேனைக் கழட்டி வீசிட்டு கரண்ட் ஃபேன் போடு, டீசலும் மிச்சமாவும்"ன்னாங்க. ரேடியேட்டரை ஆத்தற ஃபேனைத்தான் சொல்றனுங்க, இஞ்சின் வேகத்துல சுத்தறது பெல்ட் ஃபேன், தனி மோட்டார்ல சுத்தறது கரண்ட் ஃபேன். நானும் நம்பி மாட்டுனேன். ரெண்டே வாரத்துல வயரு உருகி, நடு ரோட்டுல பொகை. அதுக்கப்பறம்தான் உக்காந்து ஒழுங்கா கத்துக்கிட்டேன், அதைத்தான் புதுசா வண்டி வெச்சிருக்கறவங்களுக்காக எழுதறனுங்க.

1. ஹீட் ஆவறது ஃபேனாலதானான்னு மொதல்ல பாருங்க

இதுதான் நெம்ப முக்கியம். என்ற வண்டியில கடைசியில பார்த்தா ஃபேன்ல ஒரு கோளாறும் இல்லைங்க. ஏசி கண்டென்சருக்கும் (ஏசியோட சூட்டை வெளிய விடறது, ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கும்) ரேடியேட்டருக்கும் நடுவுல விரக்கடை மொத்தத்துக்கு பஞ்சும் மண்ணும் அப்பிக் கெடந்துச்சு, முன்னாடி நின்னு பார்த்தா கண்ணுக்கே தெரியாது. நம்ம பக்கம் திருப்பூர்ல பஞ்சு லோடு, காங்கேயத்துல ரைஸ் மில்லு உமி, பொள்ளாச்சியில தென்ன நாருன்னு எல்லாமே பறக்கற சரக்கு, அத்தனையும் ரேடியேட்டர்லதான் போய் அடையும். இஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமா தண்ணி அடிச்சுக் கழுவோணும், பிரஷர் ரொம்ப வெச்சீங்கன்னா அந்த மெல்லிசு தகடெல்லாம் மடங்கிக்கும். 3.5 டன்னுக்கு மேல போற சரக்கு வண்டி 2025 அக்டோபர் 1க்கு மேல தயாராவறதுல கேபினுக்கு ஏசி கட்டாயம்னு ஆயிருச்சுல்ல, அதனால இந்த அடைப்பு இனி பெரிய லாரிக்கும் வரத்தான் செய்யும்.

அதோட கூலன்ட் அளவு, ரேடியேட்டர் மூடி ரப்பரு, பெல்ட் டைட்டு, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி தொறக்கற வால்வு), வாட்டர் பாடியில (கூலன்ட்டைச் சுத்த விடற பம்பு) ஒழுகல் இருக்குதான்னு வரிசையா பார்த்திருங்க. மூடி சும்மா மூடி இல்லைங்க, அது பிரஷரைப் புடிச்சு வெச்சிருக்கறதாலதான் 100 டிகிரி தாண்டியும் உள்ள தண்ணி கொதிக்காம நிக்குது. அதனால இஞ்சின் சூடா இருக்கறப்ப மூடியைத் தொறக்கவே தொறக்காதீங்க, மூஞ்சில அடிச்சிரும்.

2. உங்க வண்டியில இப்ப என்ன ஃபேன் இருக்குது

பானட்டைத் தூக்கிப் பாருங்க. ஃபேன் பெல்ட்டோட சேர்ந்து இஞ்சின்ல மாட்டியிருந்தா அது மெக்கானிக்கல். அதுலயும் ரெண்டு வகை. ஒண்ணு நேரடியா போல்ட் போட்டது, இஞ்சின் ஓடுனா அதுவும் ஓடும், அவ்வளவுதான். இன்னொண்ணு நடுவுல வட்டமா, ஓரத்துல வரிவரியா தகடு வெச்ச ஒரு டப்பா இருக்கும், அது விஸ்கஸ் கிளட்ச், உள்ள சிலிக்கோன் ஆயில் இருக்குது. ரேடியேட்டர்ல இருந்து வர்ற காத்து சூடானா முன்னாடி இருக்கற சின்ன பட்டை வளைஞ்சு உள்ள வால்வைத் தொறக்கும், ஆயில் பாஞ்சு ஃபேனை இறுக்கிப் புடிக்கும், உடனே ஓன்னு சத்தம் வரும். ஆறிட்டா மறுபடி தளந்துக்கும். புது வண்டி சிலதுல இந்த கிளட்சுக்கே ஒரு வயர் சாக்கெட் போகும், அதை இஞ்சின் கம்ப்யூட்டர் பார்த்துக்குது, நீங்க கழட்டுனா டேஷ்போர்டுல லைட்டு எரியும். அந்த மாதிரி வண்டி, வாரண்டியில இருக்கற வண்டி, ரெண்டுலயும் கை வைக்காதீங்க.

மோட்டாரு வெச்சு ரேடியேட்டர்ல மாட்டியிருந்து வயரு வந்தா அது எலக்ட்ரிக், நம்மாளுங்க சொல்ற கரண்ட் ஃபேன்.

3. வண்டி எங்க ஓடுது, எவ்வளவு பாரத்தோட

இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சா பாதி முடிவாயிருச்சுங்க. பைபாஸ்ல அறுவதுல போறப்ப முன்னாடி இருந்து வர்ற காத்தே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேனுக்கு வேலை கம்மி. ஃபேன் வேணுங்கறது ரெண்டு இடத்துல. ஒண்ணு, டிராபிக்ல நிக்கறப்ப. திம்பம் அடிவாரத்துல பண்ணாரி செக்போஸ்ட்ல வரிசையில நிக்கறீங்க, இஞ்சின் ஐடிலிங்ல இருக்குது, பெல்ட் ஃபேனும் அதே மாதிரி மெதுவாத்தான் சுத்தும், ஏசியும் போட்டிருந்தா ஹீட் ஏறும். இங்க கரண்ட் ஃபேன்தான் கெட்டி, இஞ்சின் வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

ரெண்டாவது இடம் மலை. பாரத்தோட செகண்ட் கியர்ல ஏறறப்ப வண்டி வேகம் இருபது கூட இருக்காது, வெளிக்காத்து கெடையாது, ஆனா இஞ்சின் முழு மூச்சுல சூட்டைத் தள்ளுது. அப்ப இஞ்சின் ஆர்பிஎம் மேல இருக்கறதால பெல்ட் ஃபேன் காத்தை அள்ளி இழுக்கும். சின்ன கரண்ட் ஃபேன் ஒரே அளவுக்குத்தான் இழுக்கும், பத்தாது. திம்பம், கொல்லிமலைன்னு (அங்க 70 வளைவு) லோடு அடிக்கற வண்டின்னா நான் பெல்ட் ஃபேன்தான், அதுவும் விஸ்கஸ்தான் சொல்வேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி (போர் போடறது) மாதிரி நின்ன எடத்துலயே இஞ்சின் நாள் பூரா பாரத்துல ஓடறதுக்கும் இதேதான். டவுனுக்குள்ள காய்கறி, பால், பார்சல்னு நின்னு நின்னு போற சின்ன வண்டிக்கு கரண்ட் ஃபேன் நல்லா இருக்கும்.

4. ஒரு சின்ன கணக்கு

பிக்கப்புக்குப் போடற கரண்ட் ஃபேன் ஒண்ணு 25 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. 13.5 வோல்ட்டால பெருக்குனா 340 வாட்டுக்குக் கிட்ட வருது. ஒரு எச்பிங்கறது 746 வாட், ஆக அந்த ஃபேன் அரை எச்பி கூட இல்லை. பெரிய லாரியில ஃபேனு முழு வேகத்துல 10 எச்பி வாங்குதுன்னு வெச்சுக்கிட்டா 7460 வாட், 24 வோல்ட்டால வகுத்தா 310 ஆம்பியர். சாதாரண லாரி டைனமோ அதுல பாதி கூட குடுக்காதுங்க. பெரிய லாரிக்காரங்க கரண்ட் ஃபேன் பக்கமே போகாததுக்குக் காரணம் இதுதான்.

டீசல் மிச்சம்னு சொல்றதுல உண்மை இருக்குது. ஃபேன் வேகம் ரெண்டு மடங்கானா அது தின்னற பவர் எட்டு மடங்காவும், அதனால எப்பவும் சுத்தற நேரடி ஃபேன் ஹைவேயில வீணா தின்னுது. ஆனா விஸ்கஸ் வெச்சாலே அதுல பெரும்பங்கு மிச்சமாயிரும், கரண்டுக்குத்தான் போகோணும்னு இல்லை.

5. கரண்ட் ஃபேன்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா

பேட்டரி டெர்மினலைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னாடி, காத்தை இழுக்கற மாதிரி வைங்க, முன்னாடி வெச்சா வர்ற காத்தையே அது மறைக்கும். ஃபேன் கூண்டு (ரேடியேட்டர் முழுசையும் மூடி ஃபேனைச் சுத்தி வர்ற உறை) இல்லாம மாட்டவே மாட்டாதீங்க, கூண்டு இல்லைன்னா ஃபேன் இருக்கற வட்டத்துல மட்டும்தான் காத்து போகும், மத்த எடம் சும்மா கெடக்கும். ரேடியேட்டர் தகட்டுக்குள்ள பிளாஸ்டிக் டேக்கைக் குத்திக் கட்டற வேலை வேண்டாங்க, ஆடி ஆடி ட்யூப் ஓட்டையாயிரும். பட்டை அடிச்சு ஃபிரேம்ல போல்ட் போடுங்க.

வயரிங்தான் என்னைய வதைச்சது. எனக்குப் போட்ட ஆளு ஸ்விட்ச் வழியாவே முழு கரண்டையும் மெல்லிசு வயருல விட்டுட்டாரு. சரியான முறை இதுதான்: பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 40 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 6 ஸ்கொயர் (6 சதுர மில்லிமீட்டர்) வயரு ரிலேயோட (சின்ன கரண்டை வெச்சுப் பெரிய கரண்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) 30ஆம் நம்பர் காலுக்கு, 87ல இருந்து ஃபேனுக்கு. 86க்கு சாவி போட்டா வர்ற கரண்ட், 85 டெம்பரேச்சர் ஸ்விட்ச் வழியா எர்த்துக்கு. ஃபேன் எர்த் வயரும் அதே தடிமன்ல, பெயின்ட் சுரண்டுன எடத்துல புடிக்கோணும். ஏசி இருந்தா, ஏசி போட்டதும் ஃபேனும் ஓடற மாதிரி தனியா ஒரு இணைப்பு குடுக்கச் சொல்லுங்க.

ஸ்விட்ச் டிகிரி தெர்மோஸ்டாட்டைப் பொறுத்தது. தெர்மோஸ்டாட் 82ல தொறக்குதுன்னா ஃபேன் 92, 95 கிட்ட ஆன் ஆகி 87ல நிக்கட்டும். 80ல ஆன் ஆவற ஸ்விட்ச் போட்டா ஃபேன் நிக்கவே நிக்காது.

6. பெல்ட் ஃபேனே போதும்னா

இஞ்சினை அணைச்சு, ஆறுன பிறகு ஃபேனைக் கையில சுத்திப் பாருங்க. லேசா புடிப்போட ஒண்ணு ரெண்டு சுத்துல நின்னா நல்லது, பம்பரம் மாதிரி சுத்துனா கிளட்ச் போயிருச்சு. கிளட்ச் மேல எண்ணெய் கோடு கோடா வழிஞ்சிருந்தாலும், முன்னும் பின்னும் ஆடுனாலும் மாத்திருங்க. காலையில மொத ஸ்டார்ட்டுல ஒரு நிமிசம் சத்தம் வந்து அடங்குறது சகஜம், பயப்படாதீங்க. சில பேரு கிளட்சை வெல்டு அடிச்சு ஒட்டிருவாங்க, அதை மட்டும் செய்யாதீங்க, வருசம் பூரா டீசலைக் குடிக்கும்.

7. சோதனை ஓட்டம்

எந்த ஃபேன் போட்டாலும் மொதல்ல வீட்டு வாசல்லயே ஏசி போட்டு இருவது நிமிசம் இஞ்சினை ஓட விட்டு முள்ளைப் பாருங்க. கரண்ட் ஃபேனுன்னா வயரையும் ஃபியூஸ் டப்பாவையும் தொட்டுப் பாருங்க, கை சுட்டா வயரு பத்தலைன்னு அர்த்தம். வயரிங்கைப் பொறுத்து சாவியை எடுத்த பிறகும் சில வண்டியில ஃபேன் திடீர்னு ஓடும், விரலு பத்திரம். அடுத்து பாதி லோடுல ஒரு மேடு ஏறிப் பாருங்க, அப்பறந்தான் முழு லோடு. நான் இப்ப விஸ்கஸுக்கே திரும்பிட்டேன், கழுவுன ரேடியேட்டரோட அதே மஞ்ச லோடை ஏத்திக்கிட்டு திம்பம் ஏறுனப்ப முள்ளு பாதிக்கு மேல நகரலைங்க.