மொழி வகுப்பில் தர்மசங்கடமான கேள்விகள்
ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைப் பலி கொடுக்கலாமா? 1967-இல் தத்துவவாதி பிலிப்பா ஃபுட் முன்வைத்த ட்ராம் வண்டிப் புதிர் இதுதான்: கட்டுப்பாடிழந்து ஓடும் வண்டி நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள், வேறு தடத்தில் திருப்பினால் ஒருவர் சாவார். மொழியை ஓரளவு கற்றுவிட்ட இடைநிலை மாணவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். கதை சிறியது, சொற்களும் எளியவை.

ஆனால் கேள்வியைச் சொன்ன கையோடு பேசச் சொல்லாதீர்கள். வகுப்பு வாயடைத்துப்போகும். கருத்து இருக்கும், அதைச் சொல்ல வாக்கியம்தான் இருக்காது. முதலில் பத்துச் சொற்களையும், 'நானாக இருந்தால்…', 'நீங்கள் சொல்வது சரிதான், இருந்தாலும்…' போன்ற தொடக்கங்களையும் பலகையில் எழுதுங்கள். மூன்று நிமிடம் குறிப்பெடுக்கட்டும். பிறகு இருவர் இருவராகப் பேசட்டும், அப்புறம் நால்வராக. பிழைகளை இடைமறிக்காமல் குறித்துவைத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் யாருடையவை என்று சொல்லாமல் திருத்துங்கள்.

புதிருக்குப் பதிலாக நடப்புச் செய்தியைப் பேச எடுத்தால், அதை 150 சொற்களுக்குள் சுருக்கிக் கொடுங்கள். போரோ மதமோ பேச்சில் வந்தால், அதில் அடிபட்டவர் வகுப்பிலேயே இருக்கலாம். எந்தத் தரப்பில் யார் பேசுவது என்று நீங்களே பிரித்துவிட்டால், சொந்தக் கருத்தைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இராது.